முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

டயர்காரருக்கு முட்டி தேய்ந்துபோனது தெருவுக்கு வெறும் செய்தி. அவர் பெண்டாட்டிக்கு அது விடுமுறை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெருவில் யாரையும் கேட்டுப் பயனில்லை. யாருக்கும் எதுவும் காதில் விழுந்ததில்லை. டயர் நெம்பும் கம்பியால் அவள் தோள்பட்டை எலும்பை அவர் உடைத்த அன்று எதிர்வீட்டுத் தையல்காரி மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருப்பார். அது முதுகில் விழுந்தால் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் உடனே டிவி சத்தம் ஏறும். மறுநாள் குழாயடியில், "என்னக்கா கண்ணுக்குக் கீழ?" என்பார்கள். அவள் வீட்டிலேயே தலையணை தைத்து விற்கிறவள். "பஞ்சு மூட்டை சாஞ்சுடுச்சு" என்பாள். "பஞ்சுக்கு இவ்வளவு பலமா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் குடத்துக்குள் பார்த்துச் சிரிப்பார்கள். தெரு அவளுக்காகச் செய்த மொத்த உதவியும் அதுதான்.

பிறகு முட்டி போயிற்று. வாழ்நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு டயர் மாட்டிய மனிதர். எலும்பும் எலும்பும் உரசிக் கால் வளைந்துவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது எதில் என்கிறீர்கள்? ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய சீட்டை மரப்பலகையில் முடுக்கி வைத்திருந்தார். அதிலிருந்து எழுந்தாரானால் முதலில் சீட்டின் ஸ்பிரிங் முனகும். அப்புறம் முட்டி 'கடக்' என்னும். அப்புறம் அவரே "அம்மாடி" என்பார். இந்த மூன்றும் முடிவதற்குள் தலையணைக்காரி வாசலைத் தாண்டியிருப்பாள். கோயில் மணிகூட அவ்வளவு ஒழுங்காக அடிக்காது.

ஒரே ஒரு தடவை ஏமாந்தாள். "தலை பாரமா இருக்கு. கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடேன்" என்று தேனாகக் கூப்பிட்டார். போனாள். கையெட்டும் தூரம் வந்ததும் கொண்டையைப் பிடித்தார். சீட்டின் இரும்பு விளிம்பில் அவள் நெற்றியை மோதினார். மறுபடி மோதினார். "ஓடுவியாடி? எனக்குக் கால் இல்லைன்னு ஓடுவியா?" முன்பல் இரண்டு தரையில் விழுந்த பிறகுதான் கை சலித்து அவளை விட்டார். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, பஞ்சடிக்கும் நீளக் கோலால் அவர் பக்கம் தள்ளிவிடுவாள். டம்ளரும் அப்படித்தான் போகும். அவர் பதிலுக்கு டம்ளரை வீசுவார், செருப்பை வீசுவார், சுத்தியலை வீசுவார். எறிவதில் அவருக்கு அத்தனை குறி கிடையாது. வாசல் கதவுக்குத்தான் பொத்தல்.

இப்படி ஓரளவு நிம்மதியாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தபோதுதான் நாத்தனார் வந்து நின்றாள், நல்ல செய்தியோடு.

"அண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூர்லேர்ந்து டாக்டருங்க வர்றாங்களாம். அவங்க லீவைப் போட்டுட்டு, மருந்து, கருவி, மாத்து மூட்டு எல்லாம் பெட்டி பெட்டியா அவங்களே கொண்டு வர்றாங்க. முழுக்க இலவசம். பழைய முட்டியை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறாங்க. அடுத்த மாசம் நீ எழுந்து ஓடலாம்."

டயர்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் வேலையாகப் பெண்டாட்டியைத்தான் பார்த்தார். "ஓடலாமா?" என்றார்.

தலையணைக்காரியின் கையிலிருந்த கோல் தானாகத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

ஆஸ்பத்திரிக்குத் தையல்காரியும் கூட வந்தாள். மெஷின் மிதித்து மிதித்து அவளுக்கும் முட்டி போய்விட்டிருந்தது. அதைவிட, நாலு பேர் விஷயம் நடக்கிற இடத்தில் தான் இல்லாமல் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. நடைபாதை முழுக்க வளைந்த கால்கள். வரிசை நகர நகரச் சண்டை மூண்டது. ஊன்றுகோலால் ஊன்றுகோலைத் தட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் தன் இடத்தைப் பிடித்தவரின் காதைக் கடித்தே விட்டார். இரத்தம் சட்டையில் வடிய, கடிபட்டவர் "பல்லு மட்டும் நல்லா இருக்குய்யா உனக்கு" என்றார். டயர்காரர் தன் பங்குக்கு முன்னால் நின்றவரின் ஊன்றுகோலைப் பிடுங்கி அவர் கணுக்காலிலேயே போட்டார். இடம் கிடைத்தது.

பெரிய டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்ட தடித்த மனிதர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், முட்டியை அமுக்கினார். "ரெண்டுமே போயிருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அப்பத்தான் நிறைய பேருக்குப் போகும். எந்தக் கால் வேணும்?"

"வலதுகால்" என்றார் டயர்காரர், யோசிக்காமல்.

எந்தக் காலால் உதைப்பார் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இல்லை, தையல்காரியையும் சேர்த்தால் மூன்று.

"வீட்டுல பார்த்துக்க யாரு?" இதைக் கேட்டது டாக்டர் இல்லை, அவர் பக்கத்தில் நின்ற ஒல்லியான பெண். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற தெரபிஸ்ட். இந்த ஊர்க்காரிதான். டாக்டர்கள் விமானம் ஏறிய பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் பொறுப்பு. "ஆபரேஷன் பாதி வேலைதான். மீதி பாதி வீட்டுல. தினம் முட்டியை மடக்கி நீட்டிவிட ஆள் இல்லைன்னா நாங்க கத்தியே எடுக்க மாட்டோம்."

எல்லோரும் தலையணைக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடுமுறை நீளும். நாத்தனாரின் நகம் அவள் முழங்கைச் சதையில் இறங்கியது. "சொல்லுங்க அண்ணி. வாயில என்ன, பஞ்சா?" டயர்காரர் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்" என்றாள்.

தையல்காரிக்கு இடம் கிடைக்கவில்லை. "உங்களுது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காக அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது. கூட இருப்பவர்களுக்கான வகுப்பில் தலையணைக்காரிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கே பிஸ்கட் கொடுத்தார்கள்.

தெரபிஸ்ட் பிளாஸ்டிக் முட்டி ஒன்றை மேஜை மேல் வைத்துப் பாடம் நடத்தினாள். "அவங்க கத்துவாங்க. திட்டுவாங்க. கையைக் கடிக்கக்கூட வருவாங்க. நீங்க விடக்கூடாது. வலிக்க வலிக்க மடக்கணும், வலிக்க வலிக்க நீட்டணும். ஆரம்ப வாரங்கள்ல விட்டுட்டா சதை உள்ள இறுகிடும், அப்புறம் யார் வந்தும் அசைக்க முடியாது. இன்னொண்ணு. முட்டிக்கு அடியில தலையணை வைக்கவே கூடாது. வெச்சா சொர்க்கமா இருக்கும். கெஞ்சிக் கேப்பாங்க. கொடுத்தீங்கன்னா அது மடங்கின வாக்குலயே இறுகிப்போய்க் காலம் முழுக்க நேரா நிக்காது."

தையல்காரி தலையணைக்காரியின் விலாவில் இடித்தாள். "கேட்டியா? உன் யாவாரத்துக்கே உலை வைக்கிறா."

ஆபரேஷன் நாளன்று இருவரும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக ஊசி போடுவார்களாம், ஆள் முழித்துக்கொண்டிருப்பாராம். முதலில் ரம்பம் கேட்டது. எலும்பு அறுபடுகிற சத்தம் மரம் அறுபடுகிற மாதிரி இல்லை. அதில் ஒரு ஈரம் இருக்கும். பிறகு சுத்தியல். 'டங்' 'டங்' என்று இரும்பு இரும்பில் மோதி எலும்புக்குள் இறங்கியது. தையல்காரி காதைப் பொத்திக்கொண்டாள். தலையணைக்காரி பொத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் விழுந்து அவள் கேட்ட முதல் அடி அது. ஒவ்வொன்றையும் நிதானமாகக் கேட்டாள். கதவு திறந்து பெரிய டாக்டர் வெளியே வந்தபோது அவர் கவசக் கண்ணாடியில் இரத்தத் துளிகள் தெறித்திருந்தன. "பாறை மாதிரி எலும்பு" என்றார், தோளை உருட்டிக்கொண்டே. "அடிச்சு அடிச்சு எனக்கே கை போச்சு."

"அவருக்கும் அப்படித்தான் டாக்டர், கை போயிடும்" என்றாள் தலையணைக்காரி. டாக்டருக்குப் புரியவில்லை. தையல்காரிக்குப் புரிந்தது. அவள் அவசரமாகச் சுவரிலிருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் காலை அவரைப் படுக்கையில் கிடத்தி, சொல்லிக்கொடுத்தபடி குதிகாலைப் பிடித்து முட்டியை மடக்கினாள்.

டயர்காரர் அலறினார்.

அந்த அலறலுக்குத் தெருவே திரண்டது. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டு வந்தார்கள். பால்காரர் கேனோடு ஓடிவந்தார். "என்னாச்சு, என்னாச்சு? ஐயோ பாவம், மனுஷன் துடிக்கிறாரே. ஏம்மா, கொஞ்சம் பார்த்துப் பண்ணக்கூடாதா? நீயும் பொம்பளைதானே?" இத்தனை வருஷம் அந்த வீட்டு வாசற்படியை எந்தச் சத்தத்துக்கும் மிதிக்காத கால்கள் எல்லாம் முன்னறையில் நின்றன. தெருவுக்குக் காது இருக்கிறது என்பது அன்றுதான் தலையணைக்காரிக்குத் தெரிந்தது.

"டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மடக்கினாள்.

அவளுக்கு அதில் ருசி தட்டியது என்றால் பொய்யில்லை. அடுத்த நாளும் மடக்கினாள். தோள்பட்டைக்கு ஒரு மடக்கு, பல்லுக்கு ஒரு மடக்கு. தையலிலிருந்து நிணநீர் கசிந்தது. துடைத்துவிட்டு மறுபடி மடக்கினாள். "கொலைகாரி, கையை எடுடி, உன்னைக் கொல்லாம விடமாட்டேன்" என்று அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுவார். "இன்னும் கொஞ்சம்தாங்க" என்பாள் இவள், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறவள் போல. தெரபிஸ்ட் வந்து பார்த்தாள். அசந்துபோனாள். "இந்த வரிசையிலேயே உங்க வீட்டுக்காரருக்குத்தான் நல்லா மடங்குது. உங்க கை யாருக்கும் வராதும்மா."

தலையணைக்காரிக்கு முகம் மலர்ந்தது. அவள் கொடுக்கிற வலியெல்லாம் அந்தக் காலில் போய்ப் பலமாகச் சேர்கிறது என்பதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பழைய பாக்கியைத் தீர்ப்பதிலேயே குறியாக இருந்தாள்.

யோசிக்க வைத்தவர் டயர்காரர்தான். ஒரு பிற்பகல், பின்னறையில் அவள் பஞ்சைப் பரப்பிக் கோலால் அடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஸ்பிரிங் முனகியிருக்கலாம். பஞ்சடிக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. 'கடக்' வரவில்லை, புது முட்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "அம்மாடி"யும் வரவில்லை. அவள் கண்டது சுவரில் ஒரு நிழலை மட்டும். திரும்புவதற்குள் டியூப் பட்டை கழுத்தைச் சுற்றி இறுகியது.

"மடக்குவியா? மடக்குடி இப்போ."

ஒரு கையால் ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் முறுக்கினார். அவள் மண்டியிட்டு விழுந்தாள். வலதுகால் எழுந்தது. அடிவயிற்றில் ஒன்று. விலாவில் ஒன்று. உள்ளே ஏதோ சுள்ளி முறிகிற மாதிரி முறிந்தது. வாயில் பஞ்சு, மூக்கில் இரத்தம், பஞ்செல்லாம் சிவப்பு. அவருக்கே நம்பமுடியவில்லை போல. காலைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். புதுச் செருப்பு வாங்கியவர் பார்க்கிற மாதிரி. பிறகு இன்னொரு உதை கொடுத்தார், அது அவசியமே இல்லாதது. இடதுகால் பழையது, தாங்காமல் தடுமாறிச் சட்டத்தோடு சாய்ந்ததால்தான் அன்று அவள் பிழைத்தாள்.

எதிர்வீட்டில் மெஷின் சத்தம் நின்றிருந்தது. இந்தத் தடவை வேகம் கூடவில்லை, நின்றிருந்தது. ஆனால் யாரும் வரவில்லை.

மறுநாள் காலை தலையணைக்காரி கட்டிலருகே வந்தாள். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் ஒரு புதுத் தலையணை. இருக்கிற பஞ்சிலேயே உயர்ந்த பஞ்சைத் தேர்ந்தெடுத்து, கெட்டியும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் திணித்துத் தைத்தது. கடையில் கேட்டாலும் கிடைக்காது.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொடாதடி. காலைத் தொட்டா வெட்டிடுவேன்."

"தொடலைங்க" என்றாள். "உங்களை ரொம்பத்தான் வதைச்சுட்டேன். எல்லாம் அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு. கொஞ்ச நாள் ஆறட்டும்." குதிகாலை மெல்லத் தூக்கி, முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகினாள்.

டயர்காரரின் முகம் அப்படியே இளகியது. "ஆங்..." என்றார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல? உதை வாங்கினாத்தான் உனக்குப் புத்தி வரும்."

"ஆமாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பெண்டாட்டி புருஷனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்லி முடியாது. அவர் எழ நினைத்தால், "எதுக்குங்க சிரமம், நான் எடுத்துத் தரேன்." உட்கார்ந்தால் சீட்டுக்கு ஒரு தலையணை, படுத்தால் கட்டிலுக்கு ஒன்று. மெத்தென்று, முட்டிக்கு அடியில், மடங்கின வாக்கில். பயிற்சி என்ற பேச்சே இல்லை. தன் வலியை ஒரு துளி கூடத் தாங்காத மனிதர். அடுத்தவர் வலியைத்தான் தாங்குவார். சுகமாகக் கிடந்தார். நாத்தனார் வந்து பார்த்து, "எங்க அண்ணிக்கு இப்பத்தான் அன்பே வந்திருக்கு" என்று கண் கலங்கினாள்.

தையல்காரி ஒருநாள் மிச்சத் துணி கொடுக்கிற சாக்கில் உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். அதன் அடியில் இருந்ததைப் பார்த்தாள். வகுப்பில் பிஸ்கட் தின்றாலும் அவள் காது மூடியிருந்ததில்லை. பிறகு தலையணைக்காரியின் கழுத்தைச் சுற்றி ஓடிய ஊதாத் தடத்தைப் பார்த்தாள்.

காலையில் கேட்டதை மதியத்துக்குள் நாலு தெருவுக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதுவும் இது சாதாரண விஷயமா? தனக்குக் கிடைக்காத மூட்டு. தான் வரிசையில் நின்று கெஞ்சிய மூட்டு. கண்ணெதிரே பாழாய்ப் போய்க்கொண்டிருந்தது. தையல்காரி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"உறை இல்லாம இருக்கே. அழுக்காயிடும்" என்றாள். மறுநாள் அளவெடுத்தது போல ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு, மாற்றிப் போட.

மற்ற ஊர்களுக்கெல்லாம் போய்விட்டுத் தெரபிஸ்ட் மறுபடி வந்தது சில வாரங்கள் கழித்து. தலையணைக்காரி சரியாக அன்றைக்குத் தலையணையை வெயிலில் போட்டிருந்தாள். தெரபிஸ்ட் காலைப் பிடித்து நீட்டினாள். நீளவில்லை. மடக்கினாள். மடங்கவில்லை. துருப்பிடித்த கீல் மாதிரி, பாதியில் நின்றது நின்றதுதான்.

"என்னம்மா இது? போன தடவை எவ்வளவு நல்லா இருந்துச்சு. பயிற்சி குடுத்தீங்களா இல்லையா?" காலைக் கீழே வைத்தாள். "ஒரு மூட்டு இங்க வந்து சேர எத்தனை பேர் உழைப்பு தெரியுமா? வெளியே எத்தனை பேர் தவழ்ந்துட்டு நிக்கிறாங்க தெரியுமா?"

தலையணைக்காரி தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வி மட்டும் அவளுக்கு உறைத்தது. விலாவைவிட அதிகமாக.

தெரபிஸ்ட் வாசலில் நின்ற தையல்காரியிடம் திரும்பினாள். "நீங்களும் வகுப்புக்கு வந்தவங்கதானே? எதிர்லயே இருக்கீங்க. சொல்லுங்க. இவங்க தினம் மடக்கிவிட்டாங்களா?"

தையல்காரி தன் வளைந்த காலை ஒருமுறை மாற்றி ஊன்றினாள்.

"இவர் கத்தின கத்தலுக்குத் தெருவே கூடுச்சும்மா" என்றாள். "பால்காரர்கிட்ட வேணும்னா கேளுங்க. பக்கத்து வீட்டுல டிவியையே நிறுத்திட்டு வந்தாங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"சில பேருக்கு இப்படி இறுகிடும்" என்று தெரபிஸ்ட் பெருமூச்சு விட்டாள். "இன்னும் ஒரு வழி இருக்கு. பெரிய ஊருக்கு அனுப்பறேன். மயக்கம் குடுத்து, ஒரே அழுத்தா அழுத்திப் பிரிச்சுடுவாங்க. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து பயிற்சி."

தலையணைக்காரி அந்த வலதுகாலைப் பார்த்தாள்.

"அழுத்துவாங்களா?" டயர்காரர் படுத்தபடியே பக்கத்திலிருந்த செம்பை எடுத்து வீசினார். தெரபிஸ்ட்டின் காதோரம் பறந்து சுவரில் நசுங்கியது. "வெளியே போ. சுத்தியலால அடிச்சே, முறுக்கிக் கொன்னே, இன்னும் அழுத்தணுமா? என் பெண்டாட்டியைக் குறை சொல்ல நீ யாரு? அவ பூ மாதிரி பார்த்துக்கறா. இன்னொருத்தன் என் காலைத் தொட்டான்னா வெட்டுதான்."

கட்டிய நாளிலிருந்து அவர் அவளுக்காக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. தெரபிஸ்ட் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று தலையணைக்காரியின் கழுத்தையும் இல்லாத பற்களையும் பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த, நடுவில் முட்டி அளவுக்குப் பள்ளம் விழுந்த தலையணையையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தையல்காரியிடம், "அடுத்த தடவை சீக்கிரமே வந்து வரிசையில நில்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே டீ ஆறியிருந்தது என்று டயர்காரருக்குக் கோபம் வந்தது. டியூப் பட்டையை உருவிக்கொண்டு, பழைய ஞாபகத்தில், சீட்டிலிருந்து ஒரே பாய்ச்சலாக எழுந்தார். வலதுகால் நேராகவில்லை. இடதுகால் தாங்கவில்லை. மடங்கிய முட்டியோடு அப்படியே முகம் குப்புறச் சிமெண்ட் தரையில் போய் விழுந்தார். மூக்கு உடைந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. கை நீட்டி அவள் கணுக்காலைப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. தரையில் தேய்ந்துகொண்டு வந்து மறுபடி நீட்டினார். அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டில் தையல்காரி மட்டும் மெஷினை விட்டு எழுந்து, நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்து, அந்த வாசற்படியில் ஏறி நின்றாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள் தலையணைக்காரி.

கொடியிலிருந்து தலையணையை எடுத்துவந்து தரையில் வைத்தாள். பிறகு பஞ்சடிக்கும் கோலால் அதை அவர் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள்.